தனியே ஒரு நெடுவழி

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிங்கப்பெருமாள் கோவில். கோவிலின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. சிறியதொரு குன்றைக் குடைந்து அமைத்த இடத்தில் நரசிங்கப் பெருமாள் வீற்றிருக்கின்றார். அவர் மலையோடு மலையாக ஒன்றியவர். ஆதலின் அவரை வலம்வர விரும்புவோர் குன்றையே வலம்வருதல் வேண்டும். நாள்தோறும் வைகறையில் அக்குன்றைச் சுற்றி வருவது என் வழக்கம். குன்றைச் சுற்றுகையில் பறவைகளின் ஒலியோடு பெருஞ்சாலையின் இரைச்சலும் காதில் விழும். ஆண்டு முழுவதும் கேட்கும் அந்த இரைச்சல், பொங்கலுக்கு முந்திய இரண்டு நாள்களில் கடலொலி போலாகிவிடும்.

அந்நாள்களில் சாலையோரம் நின்று பார்த்தல் வேண்டும். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் ஆகிய ஊர்களைக் கடந்து வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி ஊர்ந்து வரும். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து புறப்பட்ட பேருந்துகள் நிரம்பி வழியும். கார்களில் தாத்தா முதல் பேரன் வரை நெருக்கி அமர்ந்திருப்பர். பரனூர்ச் சுங்கச்சாவடியை அடைவதற்குள் குழந்தைகள் அழத் தொடங்கிவிடும். இக்கூட்டத்தினிடையே, பின்னிருக்கையில் ஒரு பையைக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டு, தன்னந்தனியே மோட்டார் சைக்கிளில் செல்வார் ஒருவர். தேநீர்க் கடையில் நிற்பவர்கள் அவரைப் பார்த்து, “பாவம், பேச்சுத் துணைக்கும் ஆளின்றிப் போகிறாரே!” என்று இரங்குவதை நான் கேட்டிருக்கிறேன்.

அவர் இரங்கத்தக்கவர் என்று நான் கருதவில்லை. அதே வேளையில், அவரைப் போலப் புறப்படுங்கள் என்று மாணவராகிய உங்களிடம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் நான் ஒருப்படேன். இவ்விரண்டிற்கும் இடையே எங்கு நிற்பது என்பதை எண்ணிப் பார்க்கும் தேவை எனக்கு ஒருநாள் வந்தது.

எங்கள் தெருவில் ஓர் இளைஞன் இருக்கிறான். என்னிடம் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடிந்த மறுநாள் மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். அவன் பின்னாலேயே அவன் தந்தையும் வந்தார். மறைமலை நகரிலுள்ள தொழிற்சாலையொன்றில் வேலை பார்ப்பவர் அவர். அதிர்ந்து பேசி அறியாதவர். அன்று அவர் முகம் சிவந்திருந்தது.

“ஐயா, இவன் கன்னியாகுமரி வரை தனியாகப் போக வேண்டுமாம். அதுவும் என் மோட்டார் சைக்கிளில்! நீங்களாவது சொல்லுங்கள்” என்றார் தந்தை.

“விடுமுறை இரண்டு திங்கள் இருக்கிறது, ஐயா. இதுவரை எங்கும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு முறையாவது நானாகப் போய்ப் பார்க்க வேண்டும்” என்றான் மகன்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆதலின் உடனே விடை சொல்லாமல், மறுநாள் வரும்படி கூறி அனுப்பினேன். அன்றிரவு நான் எண்ணியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தனிவழி செல்லலாகாது என்று நம் முன்னோர் தடுத்தனர். அது வெறும் அச்சத்தால் எழுந்த தடையன்று. அக்காலத்து வழிகள் காட்டினூடே சென்றன. ஆறலை கள்வர் இருந்தனர். கொடிய விலங்குகள் இருந்தன. கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர், வண்டிகளை வரிசையாகப் பூட்டி, மனைவி மக்களோடு கூட்டமாகவே சென்றனர். பிற்காலத்திலும் இவ்வழக்கம் மாறவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830ஆம் ஆண்டு மே மாதத்தில் காசிக்குப் புறப்பட்டு, 1831ஆம் ஆண்டு செப்டம்பரில் திரும்பினார். அவருடன் சென்றவர்கள் ஏறத்தாழ நூறு பேர்! அவர் தெலுங்கில் எழுதிய அப்பயண வரலாறு இன்றும் படித்து மகிழத்தக்கது. நூறு பேருக்கும் சோறு சமைக்க இடம் தேடுவதே நாள்தோறும் பெரும் பணியாக இருந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

ஆயினும் பழந்தமிழர் வழிநடையைப் பற்றி ஆழ்ந்து அறிந்திருந்தனர். வழிகாட்டுவதையே பொருளாகக் கொண்டு ஓர் இலக்கிய வகையைப் படைத்தவர்கள் அல்லரோ அவர்கள்? ஆற்றுப்படை என்னும் சொல்லுக்கு வழிப்படுத்துதல் என்பது பொருள். பரிசில் பெற்று மீண்டு வரும் பாணன், எதிரே வறுமையால் வாடி வரும் பாணனைக் கண்டு, எந்த வழியாகச் செல்ல வேண்டும், இடையில் எவ்வெவ்வூர்கள் உள்ளன, எவ்வூரில் யார் என்ன உணவு தருவர் என்றெல்லாம் எடுத்துரைப்பான். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழி நாட்டு நல்லூரினர். அந்த இடைக்கழிநாடு இன்றும் அப்பெயரோடு நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட மீனும், வேலூரில் எயினர் ஆமான் இறைச்சியோடு சுடுசோறும், ஆமூரில் உழவர் நண்டுக் கறியோடு வெண்சோறும் தருவர் என்று அந்நூல் வழி சொல்கிறது. வழியின் முடிவில் இருப்பது நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில். அக்கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. நம் ஊரின் வழியாக நாள்தோறும் விரையும் பேருந்துகள் ஒன்றரை மணி நேரத்தில் அதனருகே போய்விடுகின்றன. அவற்றுள் அமர்ந்திருப்பவருள் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சுங்கச்சாவடியைக் கண்டு முணுமுணுப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் செல்லும் பெருவழியில் சுங்கம் கொண்டதையும், அவ்வழியை வில்லேந்திய வீரர் காத்ததையும் கூறுகின்றது. சுங்கம் கொண்டவன் வழியைக் காத்தான் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. இன்று நாம் சுங்கம் செலுத்துகையில், அதற்கு ஈடாக விளக்கும் காவலும் தூய கழிப்பிடமும் கேட்பதில் தவறில்லை.

இனி, தனியே செல்வதால் வரும் பயன் யாது? என் பட்டறிவிலிருந்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், என் பழைய மோட்டார் சைக்கிளில் நான் தனியே கன்னியாகுமரிக்குச் சென்றேன். போவதற்கே ஏறத்தாழ 650 கிலோமீட்டர். வீட்டில் ஒருவருக்கும் உடன்பாடில்லை. “இந்த வயதில் இது வேண்டுமா?” என்று கேட்டார்கள். அந்த வயதில்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியின் மேல் பனி படர்ந்திருந்தது. பாலாற்றுப் பாலத்தின் நடுவே சென்றபோது, ஆற்றின் அகலத்தைக் கண்டு வியந்தேன். அதற்கு முன்னர் நூறு முறையேனும் அப்பாலத்தைக் கடந்திருப்பேன். ஆனால் அவ்வளவு முறையும் யாருடனாவது பேசிக்கொண்டே கடந்திருந்தேன். மதுராந்தகம் ஏரி மழையால் நிரம்பிக் கிடந்தது. கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ‘புறப்படலாமா?’ என்று கேட்பார் ஒருவருமில்லை. அந்த உரிமைதான் முதலில் என்னை மகிழ்வித்தது. சற்று நேரத்தில் அதுவே அச்சுறுத்தவும் செய்தது. எப்போது உண்பது, எங்கே தங்குவது, எவரிடம் வழி கேட்பது என்பவை யாவும் என் தலைமேல் விழுந்தன. வீட்டில் இவற்றையெல்லாம் என் மனைவியே முடிவு செய்து வந்தாள் என்னும் உண்மை திண்டிவனத்திற்கு முன்னரே எனக்கு விளங்கிவிட்டது.

திண்டிவனத்தில் நின்று கிடங்கிலுக்கு வழி கேட்டேன். தேநீர்க் கடைக்காரர் வழி சொன்னதோடு, “அங்கே உங்களுக்கு என்ன வேலை?” என்றும் கேட்டார். நல்லியக்கோடன் கதையைச் சொன்னேன். “எங்கள் பக்கத்திலா? எங்களுக்கும் ஓர் அரசன் இருந்தானா?” என்று அவர் வியந்து, கடையில் நின்ற மற்றவர்களையும் அழைத்து அக்கதையை மீண்டும் ஒருமுறை சொல்லச் செய்தார். குடும்பத்தோடு சென்றிருந்தால் அந்தப் பேச்சே நிகழ்ந்திராது. குழுவாகச் செல்வோர் தம் ஊரைத் தம்முடனேயே எடுத்துச் செல்கின்றனர். தமக்குள் பேசிச் சிரித்துத் திரும்பி வந்துவிடுகின்றனர். தனியே வருபவனிடம்தான் பிற ஊரார் முகம் பார்த்துப் பேசுகின்றனர். அவனும் வாய் திறந்து கேட்டே தீர வேண்டியவனாகிறான்.

கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியாரை நீங்கள் அறிவீர்கள். உலகம் சுற்றிய தமிழர் என்று புகழ் பெற்றவர். மகாத்மா காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940ஆம் ஆண்டு அவரைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டவர். இருபதுகளின் நடுவில் இருந்த ஓர் இளைஞர், பெரிய நிறுவனம் எதுவும் பின்னிற்காமல், கதவு கதவாகத் தட்டிப் படத்துண்டுகளைச் சேர்த்தார் என்றால், அந்நியரிடம் சென்று கேட்கும் துணிவு அவரிடம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

துணையோடு செல்வதும் எப்போதும் உறுதியானதன்று. 1923ஆம் ஆண்டு அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டிகளில் உலகம் சுற்றப் புறப்பட்டனர். பாலையும் மலையும் கடந்து, ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் சென்று, 1928ஆம் ஆண்டு மார்ச்சில் அவர்கள் பம்பாய்க்குத் திரும்பியபோது மூவரே எஞ்சியிருந்தனர். மற்ற மூவரும் வழியில் பிரிந்துவிட்டனர். துணையை நம்பிப் புறப்பட்டாலும், பாதி வழியில் தன் காலை நம்ப வேண்டிய நிலை வரக்கூடும்.

இவ்வளவும் தனிவழிக்குச் சார்பாகச் சொன்னேன். இனி அந்தத் தந்தையின் பக்கம் வருகிறேன். அவர் அஞ்சியதில் உள்ள உண்மை சிறிதன்று.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் விபத்துகள் 64,105. இறந்தோர் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நம் மாநிலமே நாட்டில் முதலிடம் பெற்றது. இத்தகைய முதலிடம் யாருக்கு வேண்டும்? நாடு முழுவதும் இறந்தோரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். பத்தில் ஏழு உயிர்கள் அளவுக்கு மிஞ்சிய வேகத்தால் போயின. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. இரண்டு நொடி கண்ணயர்ந்தால் 44 மீட்டர். உங்கள் பள்ளியின் விளையாட்டுத் திடலில் அதனை ஒருமுறை அடியிட்டு அளந்து பாருங்கள்.

அந்த இரண்டு நொடியை நான் அறிவேன். அதே பயணத்தில், வேப்பூருக்கும் தொழுதூருக்கும் இடையே, நண்பகல் உணவு உண்ட பின் சென்றுகொண்டிருந்தேன். சாலை நேராக இருந்தது. காற்று இதமாக இருந்தது. உறக்கம் வருவதாக நான் சிறிதும் உணரவில்லை. சக்கரம் சாலையின் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கிய அதிர்ச்சியில்தான் விழித்தேன். எதிரே ஓர் ஆட்டுமந்தை. அதை மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி, கையிலிருந்த கோலை ஓங்கியபடி கூவிக்கொண்டு ஓடி வந்தாள். வண்டி எப்படியோ நின்றது. ஓர் ஆட்டுக்கும் ஊறு நேரவில்லை, எனக்கும் நேரவில்லை. அவள் என்னை வைத வசவுகளை இங்கே எழுத இயலாது. வைது முடித்தபின், வேப்பமரத்தடியில் என்னை அமர்த்தித் தன் குடத்திலிருந்து நீர் தந்தாள். ஒரு மணி நேரம் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. அன்று திருச்சிராப்பள்ளியை அடைய எண்ணியிருந்தவன், பெரம்பலூரிலேயே தங்கிவிட்டேன். தோளைத் தட்டி எழுப்ப ஒருவர் பின்னால் இருந்திருந்தால் அது நிகழ்ந்திராது. தனியே செல்பவன் தன்னைத் தானே தட்டி எழுப்பக் கற்றிருத்தல் வேண்டும், நான் கற்றிருக்கவில்லை.

இன்றுவரை இதை வீட்டில் சொல்லவில்லை. இப்போது அச்சில் வந்துவிட்டபடியால் தெரிந்துவிடும், வருவதை ஏற்றுக்கொள்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. பல்லிணை உடைய மோட்டார் சைக்கிளை ஓட்டுவதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வயது நிரம்பாத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம். அச்சிறுவன் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. “அருகில்தானே போகிறேன்” என்று சொல்லித் தந்தையின் வண்டிச் சாவியை எடுக்கும் தம்பிமார்கள், தாம் எடுப்பது சாவியை மட்டுமன்று என்பதை அறிதல் வேண்டும்.

எனினும் விபத்துக்கு அஞ்சி வழியையே மறுத்துவிடுதல் எனக்கு உடன்பாடில்லை. மேற்சொன்ன எண்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அவை தனிமையால் போன உயிர்களின் கணக்கல்ல. பெரும்பாலும் விரைவால் போன உயிர்களின் கணக்கு. நம் சாலையில் விழாக்காலத்தில் செல்வோர், விடியுமுன் மதுரை, நண்பகலுக்குள் நெல்லை என்று கணக்கிட்டு ஓட்டுகின்றனர். இரவு முழுவதும் விழித்து ஓட்டியதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கின்றனர். உடன் இருக்கும் நால்வரும் உறங்கிவிட்டபின், அவ்வோட்டுநரும் தனியர்தாமே? தனிமையென்று அறியாமல் தனியே இருப்பது, அறிந்து இருப்பதைக் காட்டிலும் இடர் மிகுந்தது.

உமணர் வண்டிகளைப் பற்றி முன்னர்ச் சொன்னேன். அவ்வண்டிகளின் அடியில் வேறோர் அச்சு மரமும் கட்டப்பட்டிருக்கும். மேடும் பள்ளமும் எங்கே வரும் என்று எவர் அறிவார்? ஓர் அச்சு முறிந்தால் மற்றொன்றை மாட்டிக்கொள்வர். அதனைச் சேம அச்சு என்றனர். தன்னைக் காக்கும் தலைவன் ஒருவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடியிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உபரிச் சக்கரத்தின் பெருமையைப் பாடிய மொழி நம்முடையது! தனியே புறப்படுபவனும் எத்தனை சேம அச்சுகளைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறான் என்பதையே நான் முதலிற் பார்ப்பேன். பணத்தை ஒரே பையில் வையாமல் இரண்டிடத்தில் வைத்திருக்கிறானா? கைப்பேசி அணைந்துவிட்டால் வீட்டு எண்ணை மனப்பாடமாகச் சொல்வானா? (இதை உங்களுள் பலர் இப்போதே சோதித்துப் பார்க்கலாம்.) இருட்டுமுன் தங்குமிடம் சேரும்படி வழியைப் பிரித்திருக்கிறானா? எந்த நாளில் எந்த ஊரில் இருப்பான் என்பது வீட்டில் ஒருவருக்கேனும் தெரியுமா?

நாடும் சில சேம அச்சுகளைச் செய்து வைத்திருக்கிறது. 108 என்னும் எண்ணுக்கு ஊர்தி வரும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்னும் எண்ணில் உதவி கேட்கலாம். விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராயினும், எந்த நாட்டவராயினும், முதல் 48 மணி நேரம் கட்டணமின்றி மருத்துவம் செய்யும் திட்டம் 2021ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று இதே சாலையிலுள்ள மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்றது. அடிபட்டவரைத் தூக்கிச் செல்லும் நல்லோரை வழக்கிற் சிக்கவைத்துத் துன்புறுத்தலாகாது என்று 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்று உறுதிசெய்த நெறிகளும் இப்போது சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. ஆதலின் வழியில் வீழ்ந்து கிடப்பவரைக் கண்டு ஒதுங்கிப் போவதற்கு இனி எவரும் சாக்குச் சொல்ல இயலாது.

இக்கருத்துகளை ஒருமுறை வகுப்பிற் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அந்த அண்ணனுக்குப் பதிலாக நான் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?” என்றாள். எனக்கு உடனே விடை வரவில்லை. அவளுக்காக அவள் தந்தையிடம் அவ்வளவு எளிதில் பரிந்து பேசியிருக்க மாட்டேன் என்பதே உண்மை. அதை ஒப்புக்கொண்டேன். அது முறையன்று என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தனர். ஊரார் எள்ளி நகையாடினர். ஆயினும் கூலி வேலை செய்வோர், கல் உடைப்போர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் சேலையை இடுக்கிக்கொண்டு மிதிவண்டி ஏறினர். பேருந்துக்குக் காத்திராமல், கணவனையோ மகனையோ எதிர்பாராமல், தாமே சந்தைக்குச் சென்றனர். தண்ணீர்க்குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு சென்றனர். அவர்கள் சென்ற வழி மூன்று நான்கு கிலோமீட்டராக இருக்கலாம். நான் சென்ற 650 கிலோமீட்டரைக் காட்டிலும் அதை நெடியது என்றே கருதுகிறேன். 1963ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து டெர்வ்லா மர்பி என்னும் பெண்மணி தன்னந்தனியே மிதிவண்டியில் புறப்பட்டு இந்தியா வந்து சேர்ந்தார். பத்து வயதிலேயே அவ்வாறு வர வேண்டும் என்று எண்ணியவர் அவர். இருபது ஆண்டுகள் காத்திருந்தார். நம் பெண்களை இன்னும் எத்தனை ஆண்டுகள் காக்க வைக்கப்போகிறோம்? சாலையில் விளக்கில்லை என்றால் விளக்கிடுவதுதான் முறை. பெண்ணை வீட்டில் இருத்துதல் எளிய வழியாகலாம், முறையாகாது. அந்த மாணவி என் விடையால் மனநிறைவு பெற்றதாகத் தோன்றவில்லை. அவள் அமரும்போது, “சரி, ஐயா, பார்ப்போம்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் தந்தையும் மகனும் வந்தனர். நான் என் முடிவைச் சொன்னேன். “தம்பி, உனக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை. ஆதலின் மோட்டார் சைக்கிள் கிடையாது. சாதாரணப் பேருந்துகளில் ஊர் ஊராக இறங்கி ஏறிப் போ. இறங்கிய ஊரில் நடந்து பார். இருட்டிய பின் புது ஊரில் இறங்காதே. நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு, எந்த ஊர், எந்த விடுதி என்று உன் தந்தைக்குச் சொல்” என்றேன். தந்தையின் பக்கம் திரும்பி, “அவனைப் போக விடுங்கள். எட்டு மணிக்கு முன் நீங்கள் அழைக்காதீர்கள்” என்றேன்.

என் முடிவு இருவருக்கும் பிடிக்கவில்லை. வண்டி இல்லாத பயணம் என்ன பயணம் என்பது மகனின் குறை. நாள் முழுவதும் அழைக்காமல் எப்படி இருப்பது என்பது தந்தையின் குறை. எனினும் மூன்றாம் நாள் விடியற்காலையில், தோளில் ஒரு பையோடு அவன் செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறியதை, குன்றைச் சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்த நான் பார்த்தேன். தந்தை சற்றுத் தொலைவில், பெட்டிக்கடையின் மறைவில் நின்றுகொண்டிருந்தார்.

முதல் நாள் இரவு விழுப்புரத்திலிருந்து பேசினான். இரண்டாம் நாள் திருச்சிராப்பள்ளி. கொள்ளிடப் பாலத்தை நடந்தே கடந்தானாம். மூன்றாம் நாள் மதுரை. வழியில் விராலிமலையில் இறங்கி மயில்களைப் பார்க்க வெயிலில் மூன்று மணி நேரம் காத்திருந்ததாகச் சொன்னான். நான்காம் நாள் எட்டு மணி ஆயிற்று, எட்டேகால் ஆயிற்று, அழைப்பு வரவில்லை. தந்தை என் வீட்டுக்கு வந்துவிட்டார். கைப்பேசியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். “இன்னும் பத்து நிமிடம் பார்ப்பேன், ஐயா. பிறகு நானே புறப்பட்டுவிடுவேன்” என்றார். வேப்பமரத்தடியில் கை நடுங்க அமர்ந்திருந்த அந்த நண்பகல் என் கண்முன் வந்து வந்து போயிற்று.

எட்டு மணி நாற்பது நிமிடத்திற்கு அழைப்பு வந்தது. அவன் கயத்தாற்றில் இருந்தான். 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பெற்ற இடத்தைப் பார்ப்பதற்காக அங்கு மாலையிலேயே இறங்கியிருக்கிறான். திரும்பும்போது, பேருந்து நிறுத்தத்தில் கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர், கோவில்பட்டிப் பேருந்தில் ஏற்றிவிடும்படி அவனிடம் கேட்டிருக்கிறார். பேருந்து நெடுநேரம் வரவில்லை. அவரை விட்டுவிட்டு வர இவனுக்கு மனம் இல்லை. அவர் தம் பேரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்ததால், இடையிற் கைப்பேசியை எடுக்கவும் தோன்றவில்லையாம். “பிழைதான், அப்பா” என்றான்.

என்னென்னவோ கேட்க வேண்டுமென்று அந்த நாற்பது நிமிடமும் சேர்த்து வைத்திருந்த தந்தை, தொண்டையைச் செருமிக்கொண்டு, “சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்டார்.